வலது கைக்கு ஒரு வழி

சகாயம் அண்ணா விரலை நீட்டிக் காட்டியபோது அதில் ஒரு புள்ளி மட்டும்தான் இருந்தது. இடது கை ஆள்காட்டி விரல், நுனிக்குச் சற்றுக் கீழே. ரத்தம் இல்லை, வீக்கம் இல்லை. முள் குத்தி எடுத்தது போல ஒரு புள்ளி. அதைச் சுற்றிக் கொஞ்சம் எண்ணெய்ப் பளபளப்பு.

"ஊசி குத்தின மாதிரிதான் மேடம். துடைச்சிட்டேன்."

அவருக்குப் பின்னால் சோதனை மேடையில் டிராக்டர் இன்னும் ஓடிக்கொண்டிருந்தது. நான் சுவர்க் கடிகாரத்தைப் பார்த்தேன். மூன்று இருபது. உள்ளங்கையில் பேனாவால் எழுதிக்கொண்டேன்.

"வண்டிய நிறுத்துங்க அண்ணா. ஆஸ்பத்திரிக்குப் போகணும்."

அவர் சிரித்தார். "இதுக்கா? லிஸ்ட்ல இதுவும் இருக்கா?"

இருந்தது. என் பட்டியலில் கடைசி உருப்படி அது. அதைப் படித்துவிட்டு யாரும் பயந்ததில்லை.

குழாய் போகும் வழி

போன வாரம் பீன்யா தொழிற்பேட்டையில் நான் வேலைக்குச் சேர்ந்த முதல் நாளைப் பற்றி எழுதியிருந்தேன். "அப்படி என்னதான் செய்தீர்கள் அங்கே?" என்று ஒரு வாசகி கேட்டிருக்கிறார். நியாயமான கேள்வி. என் அம்மாவும் இன்றுவரை கேட்கிறார்.

டிராக்டரின் பின்பக்கம் கலப்பையை மாட்டுவதற்கு இரண்டு இரும்புக் கைகள் உண்டு. அந்த அமைப்புக்கு ஹிட்ச் என்று பெயர். உழும்போது அது கீழே இறங்க வேண்டும். வரப்பு வந்தால் மேலே ஏற வேண்டும். பாரம் அதிகமானால் ஏற்றிவிட ஒரு சிலிண்டர் துணைக்கு நிற்கும். அந்தச் சிலிண்டருக்கு எண்ணெய் கொண்டுபோவது இரண்டு ஹோஸ்கள். வெளியே ரப்பர், உள்ளே எஃகுக் கம்பி வலை, அதற்கும் உள்ளே இன்னொரு ரப்பர்.

அந்த இரண்டு ஹோஸ்களும் எந்த வழியாகப் போக வேண்டும் என்று வரைவதுதான் என் வேலை.

சுலபம் போலத் தெரியும். ஆனால் இரும்புக் கை ஏறும்போது ஹோஸும் கூடவே ஏறும். மேலே முழுக்க ஏறிய நிலையில் அது இழுபடக் கூடாது. கீழே இறங்கிய நிலையில் தொங்கி எதிலும் மாட்டக் கூடாது. எண்ணெய் அழுத்தம் ஏறினால் ஹோஸ் நீளத்தில் கொஞ்சம் சுருங்கும். அதற்கும் இடம் விட வேண்டும். முறுக்கக் கூடாது. ஹோஸின் மேல் நெடுக அச்சிட்ட ஒரு கோடு இருக்கும். மாட்டி முடித்த பிறகு அந்தக் கோடு நேராக ஓடினால் சரி. பாம்பு மாதிரி சுற்றினால் கழற்றி மறுபடி மாட்ட வேண்டும். எல்லாவற்றுக்கும் மேல், அது எதனோடும் உரசக் கூடாது.

இதையெல்லாம் இருபத்திரண்டு உருப்படிகளாக எழுதி, பிளாஸ்டிக் உறை போட்டு, சோதனை மேடைக்குப் பக்கத்தில் தொங்கவிட்டிருந்தேன். அதற்குப் பக்கத்து ஆணியில் ஒரு அட்டை. கசிவு எங்கே என்று தேடும்போது அந்த அட்டையைத்தான் ஹோஸின் அருகே பிடிக்க வேண்டும், கையை அல்ல. அந்த அழுத்தத்தில் ஊசித் துளை வழியாக வரும் எண்ணெய் கண்ணுக்குத் தெரியாது. தோலைத் துளைத்து உள்ளே போய்விடும்.

அட்டை மூன்று எட்டு தள்ளி இருந்தது. சகாயம் அண்ணாவின் விரல் பக்கத்திலேயே இருந்தது.

பிடிச்சிருச்சு

அவர் பெயர் சகாயராஜ். கோலார் தங்கவயல்காரர். அங்கிருந்து விடியற்காலை ரயில் பிடித்து வந்து, மெட்ரோ மாறி, ஸ்ரீராம்புரத்தில் ஏறும் எனக்கு முன்பே பீன்யாவில் இருப்பார். என்னைவிட ஏழெட்டு வயது பெரியவர். நான் அவரை அண்ணா என்பேன். அவர் என்னை மேடம் என்பார். நான் இல்லாதபோது லிஸ்ட் மேடம்.

எங்கள் சிலிண்டரில் ஹோஸை இணைக்கும் மேல் பிட்டிங் ஒரு மோசமான இடத்தில் இருந்தது. அச்சுக்கும் இரும்புக் கைக்கும் நடுவில், உள்பக்கம் பார்த்த மாதிரி. சக்கரம் தோளை மறிப்பதால் வலது கை போகாது. இடது கையை மணிக்கட்டுவரை நுழைத்து, எதையும் பார்க்காமல், விரல் நுனியால் மரையைத் தேடி ஏற்ற வேண்டும். ஸ்பானர் அதற்கு அப்புறம்தான். ஆரம்பத்தில் மரை கோணலாக ஏறிவிட்டால் பிட்டிங்கும் போச்சு, சிலிண்டரும் போச்சு.

அந்த இடத்தை அப்படி வைத்தது நான்தான். திரையில் பார்க்க அழகாக இருந்தது.

மற்ற ஃபிட்டர்கள் அரை மணி நேரம் போராடும் வேலை அது. சகாயம் அண்ணா கண்ணை எங்கேயோ கூரையில் வைத்துக்கொண்டு, விரலை உள்ளே விட்டு, வாய்க்குள் எண்ணுவார். ஒண்ணு, ரெண்டு, மூணு. மூன்றாவது சுற்றில் முகம் தளரும். "பிடிச்சிருச்சு மேடம்."

அந்த விரலில்தான் புள்ளி.

சாமந்தி

ஒன்றை இங்கேயே சொல்லிவிடுகிறேன். பின்னால் வைத்தால் மறைத்தது போலாகும்.

அதற்கு மூன்று வாரம் முன்பு ஆயுத பூஜை. மாநகராட்சியில் வேலை பார்த்த என் அப்பா தன் சைக்கிளுக்குப் பொட்டு வைத்த காலத்திலிருந்தே எனக்கு அந்த நாளின் மேல் ஆசை அதிகம். எங்கள் தொழிற்கூடத்திலும் தடபுடல்தான். வாசலில் வாழைக்கன்று, தரையில் ரங்கோலி, எல்லோருக்கும் கடலைப்பொரி. மேனேஜர் நாகராஜப்பா வேட்டி கட்டி வந்து ஆரத்தி எடுப்பார்.

சோதனை டிராக்டரை அலங்கரிப்பது என் பொறுப்பு. சகாயம் அண்ணா சக்கரங்களுக்குக் கீழே எலுமிச்சம்பழம் வைத்துக்கொண்டிருந்தார்.

"நீங்க கிறிஸ்டியன்தானே, உங்களுக்கு எதுக்கண்ணா இந்த வேலை?" என்று சீண்டினேன்.

"பழத்து மேல வண்டி ஏத்தறது மட்டும்தான் மேடம் நம்ம வேலை. மந்திரம் உங்க டிபார்ட்மென்ட்."

சாமந்திச் சரத்தை எல்லா இடத்திலும் நூலால் கட்டினேன். பின்பக்கம் வந்தபோது நூல் தீர்ந்துவிட்டது. மேசையில் கட்டுக்கம்பி கிடந்தது. ஒரு துண்டு வெட்டி, சரத்தின் முனையை ஹோஸோடு சேர்த்துக் கட்டினேன். மூன்று முறுக்கு. பிறகு, எதைக் கம்பியால் கட்டினாலும் நான் செய்வதுபோல, முனையை உள்பக்கம் மடித்துவிட்டேன். யார் கையிலும் குத்தக் கூடாதே.

ஹோஸில் எதுவும் உரசக் கூடாது என்று எழுதியவள் நான். அன்று அது எனக்கு ஹோஸாகத் தெரியவில்லை. பூக் கட்ட வாகான இடமாகத் தெரிந்தது.

மறுநாள் வாடிய பூவை யாரோ உருவி எடுத்தார்கள். நான் அந்தப் பக்கம் போகவில்லை.

ஆறு விஷயம்

ஆட்டோவில் போகும்போது சகாயம் அண்ணா கடிகாரத்தையே பார்த்துக்கொண்டிருந்தார். தங்கவயலுக்குப் போகும் மாரிக்குப்பம் ரயிலை விட்டால் வீடு போக வெகுநேரமாகும். மகளுக்கு மறுநாள் பரீட்சை.

முதலில் போனது பக்கத்தில் இருந்த சின்ன நர்சிங் ஹோம். அங்கிருந்த இளம் டாக்டர் விரலைத் திருப்பிப் பார்த்து, டி.டி. ஊசி போட்டு, மாத்திரை எழுதிக் கொடுத்தார்.

"பாத்தீங்களா? டாக்டரே சொல்லிட்டாரு. நான் ஸ்டேஷன் போறேன்."

"கைய மடக்குங்க அண்ணா."

மடக்கினார். விரல் பாதியில் நின்றது. புள்ளியைச் சுற்றித் தோல் இறுகி வெளுத்திருந்தது. அவர் அதைக் கொஞ்ச நேரம் பார்த்தார். அடுத்த ஆட்டோவில் அவரே முதலில் ஏறினார்.

பெரிய ஆஸ்பத்திரிக்குப் போகும் வழியில் நான் பையிலிருந்து ஒரு தாளை எடுத்து ஆறு விஷயம் எழுதினேன். உள்ளே போனது என்ன: ஹைட்ராலிக் எண்ணெய். எவ்வளவு அழுத்தம்: நூற்றெண்பது பார். லாரி டயரில் இருப்பதைப் போல இருபது மடங்கு. எத்தனை மணிக்கு. எவ்வளவு தூரத்திலிருந்து. கடைசியாக எப்போது சாப்பிட்டார். இதுவரை என்ன மருந்து கொடுத்தார்கள்.

கோடு போட்டு, எண் போட்டு எழுதினேன். அதைக் கண்டு எனக்கே கொஞ்சம் வெறுப்பாக இருந்தது.

அறுவை சிகிச்சை டாக்டர் ஒரு அம்மா. விரலைப் பார்ப்பதற்கு முன் தாளைப் படித்தார். "அழுத்தம் சரியாத் தெரியுமா, சும்மா சொல்றீங்களா?"

"மீட்டரைப் பார்த்துட்டுத்தான் வந்தேன்."

அவர் நர்சைக் கூப்பிட்டு தியேட்டரைத் தயார் செய்யச் சொன்னார். பிறகு சகாயம் அண்ணாவிடம் திரும்பினார். "வெளிய புள்ளிதான். உள்ள எண்ணெய் உள்ளங்கை வரைக்கும் ஓடியிருக்கும். திறந்து கழுவணும். விரல் நிக்குமான்னு இப்ப சொல்ல முடியாது."

அவர் என்னைப் பார்த்தார். டாக்டரைப் பார்க்கவில்லை.

"எங்கப்பா சுரங்கத்துல இருந்து வரும்போதெல்லாம் எங்கம்மா வாசல்ல நிறுத்தி ரெண்டு கையையும் விரிச்சுக் காட்டச் சொல்லும் மேடம். எண்ணிட்டுத்தான் உள்ள விடும். எங்கப்பா பத்தோடதான் போனாரு. கடைசி வரைக்கும் பத்து."

ஸ்ட்ரெச்சர் நகர்ந்தது. மனைவி லில்லி வந்து சேர்ந்தபோது அவர் தியேட்டருக்குள் போய் ஒரு மணி நேரம் ஆகியிருந்தது. லில்லி என்னிடம் ஒன்றே ஒன்று கேட்டார். "எந்த விரலுங்க?"

சொன்னேன். அவர் தன் இடது கை ஆள்காட்டி விரலை வலது கையால் பற்றிக்கொண்டு பெஞ்சில் உட்கார்ந்தார். டாக்டர் வெளியே வந்து விரல் இருக்கிறது, இன்னும் இரண்டு முறை திறந்து கழுவ வேண்டியிருக்கும் என்று சொல்லும்வரை விடவில்லை.

மூன்று முறுக்கு

மறுநாள் காலை அந்த ஹோஸைக் கழற்றி மேசையில் வைத்தேன். அச்சிட்ட கோடு நேராக ஓடியது. சகாயம் அண்ணா மாட்டியதில் ஒரு குறையும் இல்லை. கிளாம்புகள் அத்தனையும் அதனதன் இடத்தில்.

நடுவில் ஒரு கம்பி வளையம் இருந்தது. எண்ணெயும் தூசியும் படிந்து ஹோஸின் நிறமாகவே ஆகியிருந்தது. இரும்புக் கை ஏறும் ஒவ்வொரு முறையும் கம்பியின் முடிச்சு ஹோஸுக்கும் தாங்கிக்கும் நடுவில் நசுங்கியிருக்கிறது. மூன்று வாரம், நாள் முழுக்க, ஏற்றமும் இறக்கமுமாக. மேல் ரப்பரைத் தின்று, கம்பி வலையைத் தின்று, உள் ரப்பரை எட்டிவிட்டது.

துணியால் துடைத்துப் பார்த்தேன். மூன்று முறுக்கு. உள்பக்கம் மடித்த முனை. துளை அந்த முனைக்கு நேர் கீழே.

நாகராஜப்பா சார் பக்கத்தில் வந்து நின்றார். அவருடைய தமிழில் பாதி கன்னடம். "ரிப்போர்ட்ல ஃபிட்டர் ஹோஸ் ரூட்டிங் தப்பு பண்ணினான்னு ஹாக்கம்மா. முகித்து."

ஹாக்கு என்றால் போடு, முகித்து என்றால் முடிந்தது. அவருக்குக் கெட்ட எண்ணம் இல்லை. பூஜையால் ஒருவர் கை போனது என்று எழுதிய காகிதம் வாடிக்கையாளர் மேசைக்குப் போவதை அவரால் கற்பனை செய்ய முடியவில்லை. ஆனால் ஃபிட்டரின் தப்பு என்று எழுதினால் சகாயம் அண்ணா கையோடு வேலையையும் இழப்பார். அது சாருக்கும் தெரியும்.

"அவர் சரியா மாட்டியிருக்காரு சார். இது நான் கட்டின கம்பி."

"யாரு பார்த்தா நீ கட்டினது?"

"நான் பார்த்தேன்."

அவர் கண்ணாடியைக் கழற்றித் துடைத்தார். துடைத்துக்கொண்டே இருந்தார்.

வார்டில்

கம்பியை ஒரு காகிதத்தில் மடித்து எடுத்துக்கொண்டு போனேன். சகாயம் அண்ணாவின் கை பெரிய கட்டோடு மேலே தூக்கித் தொங்கவிடப்பட்டிருந்தது. நான் உட்காருவதற்குள் அவரே ஆரம்பித்தார்.

"ராத்திரியெல்லாம் யோசிச்சேன் மேடம். இறுக்கும்போது ஒரு ஸ்பானரால பிடிச்சுக்கிட்டுத்தான் இன்னொண்ணத் திருப்பினேன். ஆனா கடைசியா லைட்டா ஒரு முறுக்கு விழுந்துச்சோ என்னமோ. என் தப்புதான் போல."

"கோடு நேரா இருக்கு அண்ணா. நான் பார்த்தேன்."

காகிதத்தைப் பிரித்துப் போர்வையின் மேல் வைத்தேன். "இது நான் கட்டினது. ஆயுத பூஜை அன்னிக்கு. நூல் தீந்துபோச்சு."

அவர் அதைத் தொடவில்லை. பக்கத்துக் கட்டிலில் யாரோ ஆரஞ்சு உரித்துக்கொண்டிருந்தார்கள். அந்த வாசனை எங்கள் பக்கம் வந்தது.

"இது எனக்குத் தெரியும் மேடம்."

"தெரியுமா?"

"பூவ எடுத்த மறுநாளே பார்த்தேன். கட்டிங் பிளேயர் கையிலதான் இருந்துச்சு. ஒரு நிமிஷ வேலை. சாமிக்குக் கட்டினது. நான் வெட்டினா, நாளைக்கு ஏதாவது ஒண்ணுன்னா, சர்ச்சுக்குப் போறவன் வெட்டிட்டான்னு ஒரு பேச்சு வரும். யாரும் சொல்ல மாட்டாங்க, தெரியும். இருந்தாலும் எதுக்குன்னு விட்டேன். நீங்களே எடுப்பீங்கன்னு நினைச்சேன்."

நான்கு வருடம் ஒரே மேடையில் வேலை பார்த்திருக்கிறோம். என் கேரியரிலிருந்து புளியோதரை எடுத்துச் சாப்பிடுவார். கிறிஸ்துமஸுக்கு அவர் வீட்டு கல்கல் பலகாரம் எங்கள் வீட்டு டப்பாவில் வரும். அவ்வளவு இருந்தும், ஒரு சாண் கம்பியை வெட்ட அவர் என்னிடம் ஒரு வார்த்தை கேட்கவில்லை. கேட்கலாம் என்று தோன்றும்படி நானும் நடந்துகொள்ளவில்லை.

"சாமிக்குக் கட்டினது இல்ல அண்ணா. பூ கீழ விழாம இருக்கக் கட்டினது."

"அது இப்பத்தான மேடம் தெரியுது" என்றார். சிரிக்க முயன்றார். வலித்தது போலிருக்கிறது, நிறுத்திவிட்டார்.

லில்லி அக்கா பிளாஸ்கோடு உள்ளே வந்தார். போர்வையின் மேல் கிடந்த கம்பியைப் பார்த்து, "என்னங்க இது குப்பை?" என்று எடுத்துத் தொட்டியில் போட்டார்.

ரிப்போர்ட்

நடந்ததை நடந்தபடி எழுதினேன். கம்பியைக் கட்டியவர் என்ற இடத்தில் என் பெயர். வார்டில் அவர் சொன்னதை எழுதவில்லை. அது ரிப்போர்ட்டுக்காகச் சொன்னது அல்ல. இன்று அவர் சம்மதத்தோடுதான் இங்கே எழுதுகிறேன்.

வாடிக்கையாளருக்குப் போன தாளில் நாகராஜப்பா சார் அதை ஒரே வரியாகச் சுருக்கினார்: வெளிப்பொருள் உரசியதால் சேதம். பொய் இல்லை. முழு உண்மையும் இல்லை. எங்கள் கோப்பில் நான் எழுதியது அப்படியே இருந்தது. அவர் அதில் கையெழுத்துப் போட்டுவிட்டு, கீழே தன் கையால் ஒரு வரி சேர்த்திருந்தார். பூஜையில் தானும் இருந்ததாகவும், தானும் பார்க்கவில்லை என்றும்.

பட்டியலில் இருபத்து மூன்றாவது உருப்படி வந்தது. பூஜை முடிந்ததும் கட்டிய எல்லாவற்றையும் அவிழ்க்க வேண்டும். யார் பொறுப்பு என்ற கட்டத்தில், கண்ணில் படுகிற எவரும் என்று எழுதினேன். அடுத்த ஆயுத பூஜைக்கு வாழைநாரால் மட்டும் கட்டினோம். மறுநாள் காலை முதல் ஆளாகக் கத்தியோடு வந்தவர் சகாயம் அண்ணா. "சாமி தூங்கி எந்திரிச்சாச்சா மேடம்? வெட்டலாமா?"

தொடுதல்

ஆனால் அதற்கு முன்பு ஒரு நாள் இருக்கிறது.

அவர் வேலைக்குத் திரும்பிய முதல் நாள். மூன்று அறுவை சிகிச்சை முடிந்து இரண்டு மாதம் போல ஆகியிருந்தது. விரல் இருந்தது. உள்ளங்கைவரை ஒரு தழும்பு. நுனிக் கணு மடங்காது. எல்லோரும் கை கொடுத்தார்கள், இடது கையை யாரும் தொடாமல்.

மத்தியானம் டிராயிங் அறையிலிருந்து வெளியே வந்தபோது, டிராக்டருக்குப் பின்னால் உலோகம் தட்டில் விழும் சத்தம் கேட்டது. கொஞ்ச நேரம் கழித்து மறுபடி. மூன்றாவது முறையும் கேட்டபோது போய்ப் பார்த்தேன்.

சகாயம் அண்ணா சக்கரத்தில் சாய்ந்து, இடது கையை உள்ளே விட்டிருந்தார். கண் கூரையில். வாய் எண்ணவில்லை. பிட்டிங் மறுபடி நழுவித் தட்டில் விழுந்தது. எண்ணெயில் ஒரு சுற்று உருண்டு நின்றது.

நான் நிற்பது தெரிந்தும் அவர் திரும்பவில்லை.

"விரல் இருக்கு மேடம். ஆனா அது எதத் தொடுதுன்னு எங்கிட்ட சொல்ல மாட்டேங்குது."

அன்று அந்தப் பிட்டிங்கை வேறு ஆள் போட்டார். அரை மணி நேரம் ஆயிற்று. சகாயம் அண்ணா பக்கத்தில் நின்று விளக்குப் பிடித்தார்.

நான் அறைக்குத் திரும்பி அந்த டிராயிங்கைத் திறந்தேன். திரையில் அது அப்போதும் அழகாகத்தான் இருந்தது. சிலிண்டரின் மேல் வாயை வெளிப்பக்கம் பார்க்கத் திருப்பினேன். அப்படித் திருப்பினால் ஹோஸ் அச்சைச் சுற்றிக்கொண்டு வர வேண்டும். ஒரு முழம் நீளும். இரண்டு கிளாம்ப் கூடுதல். முழு ஏற்றத்தில் இழுபடுகிறதா, முழு இறக்கத்தில் தொங்குகிறதா, எங்காவது உரசுகிறதா என்று ஒவ்வொன்றாகப் பார்த்தேன். பத்து நாள் ஆயிற்று. முன்பு இருந்ததைவிடப் பார்க்க அசிங்கமாக வந்தது.

ஒவ்வொரு மாற்றத்துக்கும் காரணம் எழுத ஒரு கட்டம் உண்டு. வழக்கமாக அதில் செலவு குறைய, எடை குறைய என்றெல்லாம் எழுதுவோம். நான் எழுதியது: வலது கை எட்டுவதற்காக.

நாகராஜப்பா சார் அந்தக் கட்டத்தில் விரலை வைத்தார். யாருடைய வலது கை என்று கேட்கவில்லை. கையெழுத்துப் போட்டுக் கொடுத்தார்.

புதுச் சிலிண்டர் வந்த அன்று சகாயம் அண்ணா அதை ஒரு சுற்றுச் சுற்றிப் பார்த்தார். வாய் எந்தப் பக்கம் திரும்பியிருக்கிறது என்று பார்த்தார். சட்டைக் கையை மடித்துக்கொண்டு, வலது கையில் பிட்டிங்கை எடுத்து, சக்கரத்துக்கு வெளியே நின்றபடியே உள்ளே நுழைத்தார்.

இப்போது அவர் விரும்பினால் பார்த்தே செய்யலாம். ஆனாலும் கண் கூரைக்குப் போனது. உதடு அசைந்தது. நானும் மனதுக்குள் எண்ணினேன். ஒண்ணு. ரெண்டு. மூன்றாவது சுற்றுக்கு வழக்கத்தைவிட நேரம் எடுத்தது. அந்தக் கைக்கு இது புது வேலை.

"பிடிச்சிருச்சு மேடம்."